மோட்டார் கொட்டாயில் கேட்ட குரல்

காவாந்தண்டலம்
12-5-1981

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்முலு எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு "பரவால்ல, பரவால்ல" என்கிறாள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? பட்டறையில் ஷாக் அடிக்காமல் பார்த்துக்கொள்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததிலிருந்து எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கிணற்றுக்கும் வீட்டுக்குமாக இன்று மட்டும் ஏழு நடை. ஒரு வேலையும் கிடையாது.

நைனா காலேஜுக்கு அனுப்பமாட்டேன் என்று சொல்லவில்லை. "போவட்டும், நான் தடுக்கல. ஆனா கடைசியில கையில ஒரு பட்டம் இருக்கணும், இல்லாங்காட்டி டீச்சர் ட்ரெய்னிங் போவட்டும். பட்டம் குடுக்காத எடத்துக்கு இன்னாத்துக்குப் போறது? பாடறதுக்கு ஒரு காலேஜின்னா தும்மறதுக்கு ஒண்ணு கட்டுவானுங்களா?" என்கிறார்.

எங்கள் பாட்டு டீச்சர் மாற்றலாகிப் போகும்போது சொன்னது இது. சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.ஏ. இசை இருக்கிறது. பாட்டு பாதி, தமிழ், இங்கிலீஷ், சரித்திரம் பாதி. மார்க் பார்த்து இடம் கொடுப்பார்கள். படித்தால் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் ஆகலாம். இன்னொன்று இசைக் கல்லூரி. மூன்று வருடமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை வாய்ப்பாட்டு. பட்டம் கிடையாது, சான்றிதழ்தான். மார்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள், பாடச் சொல்லிக் கேட்டுத்தான் எடுப்பார்கள். மேடையேற்றிப் பழக்குவார்கள். எனக்கு அதுதான் வேண்டும். இரண்டு விண்ணப்பமும் வாங்கி அனுப்பு, நைனாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

மாசி மாதம் நீ எடுத்துப்போன இசைத்தட்டு என்ன ஆயிற்று? லேபிள் தேய்ந்துபோன தட்டு, மூர் மார்க்கெட்டில் காட்டி அந்தப் பாடுகிற அம்மாவின் பெயரைக் கேட்டு வருகிறேன் என்றாயே. சேட்டு அண்ணன் தன் மைக் செட்டையும் தட்டு மிஷினையும் நம் கிணற்றடி மோட்டார் கொட்டாயில் கொண்டுவந்து வைத்ததிலிருந்து ஐந்து வருடமாக மோட்டார் ஓடும்போதெல்லாம் அந்த ஒரு தட்டைப் போட்டுப் பாடம் பண்ணியவள் நான். எத்தனை கனமான குரல்! இரண்டாவது அடியில் மேலே போகாமல் சறுக்கிக் கீழே இறங்கி வருவாளே, அந்த இடத்தைப் பாடும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கும். என் குருவின் பெயர்கூடத் தெரியாமல் நான் எப்படிப் போய் நிற்பது?

உடனே பதில் எழுது.

உன் தங்கை,
அம்முலு

அம்பத்தூர்
27-5-1981

அன்புத் தங்கை அம்முலுவுக்கு,

அண்ணன் பஞ்சாட்சரம் எழுதுவது. செம்புக் கம்பி சுற்றிச் சுற்றி விரல் நுனி தேய்ந்ததைத் தவிர மற்றபடி சுகம். வெயிலுக்கு ஊரெல்லாம் மோட்டார் எரிகிறது, எங்கள் பட்டறையில் எரிந்த காயிலைப் பிரித்துப் புதுக் காயில் கட்டி மாளவில்லை. பதில் தாமதம் அதனால்தான்.

பி.ஏ. விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. போய்ப் பார்த்தேன், நல்ல கல்லூரி. மரமெல்லாம் இருக்கிறது. ஹாஸ்டல் கல்லூரிக்குள்ளேயே. இசைக் கல்லூரியில் இன்னும் விண்ணப்பம் கொடுக்க ஆரம்பிக்கவில்லை. எனக்கென்னவோ பி.ஏ.தான் உனக்குச் சரி என்று படுகிறது. நைனா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இசைத்தட்டுக் கடைக்காரர் ஊரில் இல்லை.

இன்னொன்று. எங்கே பாடச் சொன்னாலும் அந்தத் தட்டுப் பாட்டைப் பாடாதே. உங்கள் டீச்சர் சொல்லிக்கொடுத்த கீதம் ஏதாவது பாடு. அது போதும். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

பிரியமுள்ள அண்ணன்,
பஞ்சாட்சரம்

காவாந்தண்டலம்
3-6-1981

அண்ணாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம், உன் சுகமும் அதுவே என்று நினைக்கிறேன். ரிசல்ட் வந்துவிட்டது. ஆயிரத்து இருநூறுக்கு எண்ணூற்று அறுபத்தொன்று. நைனா சாலவாக்கம் சந்தையில் யார் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். அந்தப் பாட்டை ஏன் பாடக்கூடாது? நீதானே சேட்டு அண்ணனோடு கல்யாண வீடுகளுக்கு மைக் கட்டப் போகும்போதெல்லாம் "என் தங்கச்சி பாடினா அந்தத் தட்டே தோத்துடும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய்? கீதம் மூன்றாவது படிக்கிற பிள்ளை பாடும். அதைப் பாடி நான் எந்த முகத்தோடு இடம் கேட்பது? மூர் மார்க்கெட்டில் ஒரே ஒரு இசைத்தட்டுக் கடையா இருக்கிறது?

பட்டணம் போனவனுக்குத் தங்கை பாட்டு பட்டிக்காட்டுப் பாட்டாகத் தோன்றிவிட்டதா? அப்படியென்றால் நேராகச் சொல். சுற்றி வளைப்பது உனக்கு வராது, காயில் மட்டும்தான் சுற்ற வரும்.

அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அம்முலு

காவாந்தண்டலம்
15-6-1981

அன்புள்ள அண்ணா,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால்காரர் எல்லப்பன் என்னைத் தூரத்தில் பார்த்ததும் சைக்கிளிலிருந்தே கையை விரிக்கிறார்.

நானே இசைக் கல்லூரிக்கு ஸ்டாம்பு ஒட்டிய கவர் வைத்து எழுதினேன். ஆறே நாளில் விண்ணப்பம் வந்துவிட்டது. அதன் தலையில் அச்சடித்திருக்கிறது, விண்ணப்பங்கள் மே 18 முதல் வழங்கப்படும் என்று. நீ 27ஆம் தேதி எழுதினாய், இன்னும் கொடுக்கவில்லை என்று.

நீ என்னிடம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் மாங்காய் திருடினால்கூட என்னிடம் மட்டும் சொல்லிவிடுவாய்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: "குருவின் பெயர், பயின்ற காலம்." அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். நாலு நாளாக அந்தக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இன்னும் இரண்டு நாளில் அனுப்பியாக வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கோபம் இருந்தாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அம்முலு

(அஞ்சலட்டை)
அம்பத்தூர்
21-6-1981

அம்முலுவுக்கு, அண்ணன் ஆசிகள். நலம். கோபப்படாதே. நேரில் சொல்கிறேன். பி.ஏ. இன்டர்வியூவை விட்டுவிடாதே. உன் மார்க்குக்கு அங்கே இடம் உறுதி என்று ஆபீசில் விசாரித்துவிட்டேன். தைலம் வந்ததா? பஞ்சாட்சரம்.

காவாந்தண்டலம்
26-6-1981

அண்ணாவுக்கு,

தைலம் வந்தது. அம்மாவுக்குக் கொஞ்சம் தேவலை.

இரண்டு கல்லூரியிலிருந்தும் கார்டு வந்தது. இரண்டும் ஜூலை மூன்றாம் தேதி, காலை பத்து மணி. அங்கே போனால் இங்கே இல்லை, இங்கே போனால் அங்கே இல்லை.

இரண்டு கார்டையும் நைனா முன்னால் வைத்தேன். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நீ எது சொல்ற?" என்றார். சொன்னேன். "அதுல பெயிலானா?" என்றார். "பெயிலானா நீங்க சொல்ற டீச்சர் ட்ரெய்னிங் போறேன், அப்பால பாட்டுன்னு வாயத் தொறக்கமாட்டேன்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். நைனா, "பேச்சு மாறமாட்டியே?" என்று கேட்டுவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

குருவின் பெயர் என்ற இடத்தில் "இசைத்தட்டு" என்று எழுதி அனுப்பிவிட்டேன். உண்மை அதுதானே.

மூன்றாம் தேதி நைனாவும் நானும் முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் வந்து அங்கே மாறி வருகிறோம். நீ சென்னை பஸ் ஸ்டாண்டில் நில். உன்னிடம் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனாலும் நீ அங்கே நிற்கவேண்டும்.

அம்முலு

அம்பத்தூர்
1-7-1981

அம்முலு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரமாட்டேன். பட்டறையில் லீவு தரவில்லை என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். பொய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை.

மார்ச் மாதமே மூர் மார்க்கெட்டுக்குப் போனேன். கடைக்காரர் தட்டைத் துடைத்துப் போட்டார். நான் இது வேற தட்டு என்றேன். சன்னமான குரல், உன் வயதுப் பெண்ணுடையது, விறுவிறு என்று ஓடுகிற பாட்டு. "ஸ்பீடு தப்பா வெச்சிக்கிறீங்க" என்றேன். "இதான்பா சரியான ஸ்பீடு. உங்கூர்ல மிஷினுக்கு ஒடம்பு சரியில்லியா இன்னா?" என்று சிரித்தார். பாடியவள் பெயர் அவருக்கும் தெரியவில்லை. எனக்குப் புரிந்துபோயிற்று. நான் மோட்டார் வேலைக்காரன் அல்லவா?

நம் கொட்டாயில் எப்போது தட்டுப் போடுவோம்? மோட்டார் ஓடும்போது. மோட்டார் எப்போது ஓடும்? மூணு பேஸ் கரண்ட் விட்டதும் ஊரில் அத்தனை கிணற்று மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பும். கரண்ட் இறங்கிவிடும். கொட்டாய் பல்பு சிவந்துபோய் எரியுமே, நினைவிருக்கிறதா? தட்டு சுற்றுகிற மிஷினுக்கும் அதே கரண்ட்தானே. மெதுவாகச் சுற்றினால் பாட்டு இழுக்கும், குரல் தடிக்கும். நீ குரு என்று கும்பிட்ட அந்தக் கனமான குரல் அம்மா உலகத்திலேயே இல்லை. நம் ஊர் மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து உண்டாக்கியவள். உனக்குப் பிடித்த அந்தச் சறுக்கல் இருக்கிறதே, அது பக்கத்துக் கிணற்றில் பச்சமுத்து மாமா ஐந்து குதிரைச்சக்தி மோட்டாரைப் போடும்போது கரண்ட் இன்னும் இறங்கியதாக இருக்கும். கடையில் கேட்டபோது அந்த இடமே இல்லை.

இதைப் பெரியவர்கள் முன்னால் பாடினால் சிரிப்பார்களே என்றுதான் விண்ணப்பத்தை ஒளித்தேன். பி.ஏ. என்றால் மார்க் காப்பாற்றும் என்று நினைத்தேன். என் தங்கையைப் பார்த்து எவனும் சிரிக்கக்கூடாது.

இந்தக் கடிதம் மூன்றாம் தேதிக்கு முன்னால் கிடைத்தால் பி.ஏ.வுக்குப் போ.

பஞ்சாட்சரம்

காவாந்தண்டலம்
8-7-1981

அண்ணாவுக்கு,

அம்மா, நைனா சுகம். நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

உன் கடிதம் மூன்றாம் தேதி பகலில் வந்து மாடத்தில் கிடந்தது. ராத்திரி நாங்கள் திரும்பி வந்த பிறகுதான் படித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு ஆண், ஒரு வயதான அம்மாள். தம்புராவை ஐந்து கட்டை சுருதியில் மீட்டினார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. இறக்கச் சொன்னேன். இறக்கி இறக்கி மூன்று கட்டைக்கு வந்ததும் "இது" என்றேன். ஒருவர் விண்ணப்பத்தைப் பார்த்து, "இசைத்தட்டு சிஷ்யையா?" என்று சிரித்தார். பாடினேன். முதல் அடி முடிவதற்குள் மற்றவர், "ஏம்மா, துள்ளி ஓடற மோகனம் இது. இப்படித் தூக்கத்துல நடத்தறியே?" என்றார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் டீச்சர் ட்ரெய்னிங்தான் என்று தெரியும். இரண்டாவது அடியில் அந்தச் சறுக்கல் வந்ததும் அந்த அம்மாள் கையைத் தூக்கி நிறுத்தினார்கள். "அந்த இடத்தை மறுபடி பாடு" என்றார்கள். பாடினேன். "இன்னொரு தரம்." பாடினேன். "யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார்கள். "தட்டுல கீது" என்றேன். எழுதிக்கொண்டார்கள். போகலாம் என்றார்கள்.

வெளியே நைனா வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். "சிரிச்ச சத்தம் கேட்டுச்சே, இன்னாத்துக்கு?" என்று கேட்டார். "தெரியல" என்றேன். அப்போது நிஜமாகவே தெரியாது.

இப்போது தெரியும். ஐந்து நாளாக நான் பாடவில்லை. வாயைத் திறந்தால் பச்சமுத்து மாமாவின் மோட்டார்தான் ஞாபகம் வருகிறது. பி.ஏ. இடமும் போயிற்று. மார்ச் மாதம் சொல்லியிருந்தால் நாலு மாதம் இருந்திருக்கும், திருத்திக்கொண்டிருப்பேன். எவன் சிரித்தால் எனக்கென்ன? நீ சொல்லாமல் இருந்ததுதான் அண்ணா வலிக்கிறது.

அம்முலு

இசைக் கல்லூரி மாணவியர் விடுதி,
சென்னை
20-12-1981

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் நலத்துக்கு அந்தக் காவாந்தண்டலத்து அம்மன் பொறுப்பு. பத்து மைல் தூரத்தில் இருந்துகொண்டு ஐந்து மாதமாக உனக்கு எழுதவில்லை, நீ இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தும் "தலைவலி" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டும் வேண்டுமென்றே செய்ததுதான்.

இடம் கிடைத்த செய்தியை நைனா உனக்குச் சொல்லியிருப்பார். ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் மேலே படிக்க விடுவோம் என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். நைனா அந்த வரியைப் படிக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டார். பிறகு, "பாஸா பெயிலா அத சொல்லு" என்றார். பாஸ் என்றேன்.

இங்கே மற்றப் பெண்கள் எல்லோரும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார்கள். நான் மட்டும் வாசலில் செருப்பு விட்ட இடத்தில் நிற்பதுபோல் கீழே நிற்கிறேன். தேர்வு அன்று என்னைத் திரும்பத் திரும்பப் பாடச் சொன்ன அந்த அம்மாள்தான் எங்களுக்கு வாய்ப்பாட்டு ஆசிரியை. போன வாரம் எல்லாவற்றையும் அவர்களிடம் சொல்லிவிட்டேன், மோட்டார், மூணு பேஸ், பச்சமுத்து மாமா வரைக்கும். சிரிக்கவில்லை. "குரலை மேலே ஏற்றி எல்லோரோடும் பழகலாம். இல்லையென்றால் இதே சுருதியில் உன்னைத் தனியாக வைத்துச் சொல்லித்தருகிறேன். ஆனால் அது உன் குரலாக இருக்க வேண்டும். மிஷினிடம் கடன் வாங்கியதாக இருந்தால் பத்து வருடத்தில் தொண்டை கைவிட்டுவிடும். பொங்கல் கழித்து எனக்குப் பதில் சொல்" என்றார்கள்.

நான் என்ன பதில் சொல்வேன்? எது நான், எது மோட்டார் என்று எனக்குத் தெரியவில்லையே. விடுதியில் இருக்கிற மிஷினில் போட்டுப் பார்க்கலாம் என்றால் இங்கே கரண்ட் நன்றாக இருக்கிறது, பாட்டு ஓடத்தான் ஓடும்.

பொங்கலுக்கு எனக்குக் கோஷ்டியில் பாட வேண்டிய நிகழ்ச்சி இருக்கிறது, ஊருக்கு வரமுடியாது. நீ போவாய் அல்லவா? தட்டை எடுத்துப் போ. சேட்டு அண்ணனின் மிஷின் கொட்டாயில்தானே இருக்கிறது? நவரை நெல்லுக்குத் தண்ணீர் விட மோட்டார் ஓடும். போட்டுக் கேள். கேட்டதைக் கேட்டபடி எழுது. எனக்காக இரக்கப்பட்டு ஒரு வார்த்தை மாற்றினாலும் இனி உனக்குத் தங்கை இல்லை.

அம்முலு

காவாந்தண்டலம்
17-1-1982

அன்புத் தங்கை அம்முலுவுக்கு,

பஞ்சாட்சரம் எழுதுவது. நைனா சுகம். அம்மா முழங்கால் வலியோடு சுகம். பொங்கல் நன்றாகப் பொங்கியது. உனக்கென்று எடுத்து வைத்த கரும்பை நைனா யாரையும் தொடவிடவில்லை.

நீ சொன்னபடி நாலு நாளும் சாயங்காலம் கொட்டாயில் தட்டைப் போட்டேன். கரண்ட் இறங்கியது, பல்பு சிவந்தது, அந்தக் கனமான குரல் வந்தது. அதுவரைக்கும் நான் சொன்னது சரி. ஆனால் சறுக்கல் விஷயத்தில் நான் எழுதியது தப்பு, அம்முலு. பச்சமுத்து மாமாவிடமே போய், "நான் கை காட்டும்போது மோட்டாரப் போடு மாமா" என்று கேட்டுக்கொண்டு, இரண்டாவது அடி வரும்போது போடச் சொன்னேன். "பொங்கலும் அதுவுமா பேஜார் பண்றியே" என்று திட்டிக்கொண்டே போட்டார். போட்டால் பாட்டு மொத்தமாகச் சோர்ந்து அபசுரமாகப் போகிறது, அவ்வளவுதான். அழகாக இறங்கி மறுபடி ஏறிவருகிற அந்த இடம் ஒரு நாளும் வரவில்லை. பத்துத் தடவைக்கு மேல் போட்டுப் பார்த்தேன். அது தட்டிலும் இல்லை, மோட்டாரிலும் இல்லை.

இதையும் நான் இரக்கப்பட்டு எழுதுகிறேன் என்று நினைப்பாய். அதனால் நேற்று நடந்ததையும் அப்படியே எழுதுகிறேன். அம்மாவிடம் தட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மணி இருக்கும், தட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா காலை இழுத்துக்கொண்டு வரப்பு வழியாகக் கொட்டாய்க்கே வந்துவிட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அம்முலு வந்துகீறாளா? வூட்டுக்கு வராம நேரா இங்க வந்து பாடிக்கினு கீறா?" என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டாவது அடி வந்தது. நேராகப் போயிற்று. அம்மா முகம் வாடிவிட்டது.

"இது அவ இல்ல" என்றாள். "அவ இந்த எடத்துல எறங்கி வருவா."

சொல்லிவிட்டு அடுப்பில் பால் வைத்திருப்பதாகத் திரும்பிப் போய்விட்டாள். மற்றபடி இங்கே வேறு விசேஷம் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குக் கரும்போடு வருகிறேன். தலைவலி என்று சொல்லி அனுப்பாதே.

உன் அண்ணன்,
பஞ்சாட்சரம்